கவாத்து (நிழல் மரங்கள்)

நிழல் மரக் கவாத்து என்பது சாலையோரம், பூங்கா, பள்ளி வளாகம், வீட்டு முற்றம் முதலிய இடங்களில் நிழலுக்கும் அழகுக்குமாக வளர்க்கப்படும் மரங்களின் கிளைகளைத் தெரிந்தெடுத்து வெட்டி நீக்கும் பணி ஆகும். மரத்தின் உடல்நலம், அதன் கீழ் நடமாடுவோரின் பாதுகாப்பு, மரத்தின் இயல்பான தோற்றம் ஆகிய மூன்றும் இதன் நோக்கங்கள். பழமரங்களில் விளைச்சலுக்காகவும், தேயிலையில் கொழுந்துக்காகவும், காட்டு மரங்களில் கணுவில்லாத பலகைக்காகவும் கவாத்து செய்யப்படுவதுண்டு. அவை நோக்கத்திலும் முறையிலும் வேறானவை என்பதால் இங்கு விரிவாகக் கூறப்படவில்லை.

வெட்டப்படும் ஒவ்வொரு கிளையும் மரத்தில் ஒரு காயத்தை விட்டுச் செல்கிறது. சரியான இடத்தில் வெட்டினால் மரம் அக்காயத்தைச் சில ஆண்டுகளில் மூடிவிடும். ஒரு சாண் தள்ளி வெட்டினால், அல்லது அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால், அதே காயம் மரத்தின் நடுவரை அழுகலைக் கொண்டு செல்லலாம். வெட்டியவர் மறந்துபோன பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அம்மரம் முறிந்து விழும்போது, பழி பெரும்பாலும் காற்றின் மேல் போடப்படுகிறது.

சொல்

கவாத்து என்ற சொல் தமிழில் காவலர், படையினர் ஆகியோரின் அணிவகுப்புப் பயிற்சியையும் குறிக்கும். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்து என்ற வடிவம் வழங்குகிறது. கிளை கழித்தல், கிளை தறித்தல், கத்தரித்தல் என்பன பிற வழக்குகள். இவற்றுள் 'கழித்தல்' பொருத்தமான சொல் எனலாம். வேண்டாததை மட்டும் நீக்குதல் என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது.

தமிழர் வாழ்வில் கிளை வெட்டுதல் பெரும்பாலும் பயன்பாட்டை ஒட்டியே இருந்து வந்துள்ளது. ஆடுகளுக்குத் தழை ஒடித்தல், நெல் வயலுக்குத் தழையுரமாகப் புங்கம், வேம்பு, பூவரசு ஆகியவற்றின் கிளைகளை வெட்டி மிதித்தல், முருங்கையை ஆண்டுதோறும் தறித்துப் புதுக் கிளைகளில் காய் எடுத்தல் என்பன இவ்வகையின. யாழ்ப்பாணத்தில் கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் தடிகளைக் கதியாலாக நட்டு உயிர்வேலி அமைப்பதும், தழைத்த பின் அவற்றின் குழையை வெட்டி ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் இடுவதும் வழக்கம். வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் இத்தகைய மரங்களோடு பழகிய கை, எந்த மரத்தையும் அப்படியே வெட்டலாம் என்று எண்ணிவிடுகிறது. ஐம்பது ஆண்டு வயதுடைய தூங்குமூஞ்சி மரம் கதியால் அன்று.

மரம் காயத்தை எதிர்கொள்ளும் முறை

விலங்குகளின் உடலில் காயம் ஏற்பட்டால் சேதமடைந்த திசுவின் இடத்தில் புதிய திசு உருவாகி, அவ்விடம் ஆறுகிறது. மரத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. காயப்பட்ட கட்டை காயப்பட்டதாகவே எஞ்சியிருக்கும். மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதன் மேல் புதிய கட்டையை வளர்த்துப் புதைத்துவிடுகிறது. சுருங்கச் சொன்னால், மரத்தின் காயம் ஆறுவதில்லை, அடைபடுகிறது.

இக்கருத்தை விரிவாக நிறுவியவர் அமெரிக்க வனத்துறையின் உயிரியலாளர் அலெக்சு சைகோ (1930–2006) ஆவார். அதுவரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் மரத்தைக் குறுக்காக வெட்டியே உள்ளே பார்த்தனர். சைகோ இயந்திர ரம்பத்தைக் கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாக்கில் பிளந்து, ஒரு பழைய காயத்திலிருந்து அழுகல் எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு சென்றது, எங்கே நின்றது என்பதைக் கண்டறிந்தார். 1977 ஆம் ஆண்டு வெளியான ஆய்வேட்டில் 'மரங்களில் அழுகலைத் தடுப்பறையில் அடைத்தல்' என்னும் கோட்பாடு விளக்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இது கோடிட் என்று அழைக்கப்படுகிறது.

இக்கோட்பாட்டின்படி மரம் அழுகலுக்கு எதிராக நான்கு வகைச் சுவர்களைப் பயன்படுத்துகிறது. முதற்சுவர் நீர் செல்லும் குழாய்களை மேலும் கீழும் அடைப்பது. குழாய்கள் நீளமானவை என்பதால் இதுவே மிகவும் வலுக்குறைந்தது; அழுகல் நீளவாக்கில் எளிதாகப் பரவுவது இதனால்தான். இரண்டாம் சுவர் ஆண்டு வளையங்களின் எல்லையில் அமைந்து, அழுகல் மையத்தை நோக்கிச் செல்வதைத் தடுக்கிறது. மூன்றாம் சுவர் ஆரக்கதிர்த் திசுக்களால் ஆனது; பக்கவாட்டுப் பரவலைத் தடுக்கும். நான்காம் சுவர் காயத்துக்குப் பின் வளர்படையால் புதிதாக உருவாக்கப்படுவது. காயம் பட்ட நாளில் இருந்த கட்டையையும் அதன் பின் வளரும் கட்டையையும் இது பிரித்து வைக்கிறது. நோய்க்கு எதிராக நான்கிலும் இதுவே வலியது. உட்புறம் முழுதும் பொந்தான பெரிய மரங்கள் பச்சைப் பசேலென்று நிற்பது இச்சுவரின் வேலை. ஆனால் இயந்திர வலிமையில் இச்சுவர் பின்தங்கியது. அவ்வரியில் கட்டை வெடிப்பதுண்டு.

சுவர் எழுப்ப மரத்துக்கு உணவுச் சேமிப்பு வேண்டும். அச்சேமிப்பு இலைகளிலிருந்து வருகிறது. ஒரே நேரத்தில் பெருமளவு கிளைகளை வெட்டும்போது காயங்கள் பெருகுகின்றன. அவற்றை அடைக்கும் வளம் குறைகிறது. நன்கு வளரும் மரத்தில்கூட ஓராண்டில் பசுந்தழையில் கால் பங்குக்கு மேல் நீக்கலாகாது என்ற நடைமுறை விதி இதிலிருந்து பிறந்தது. முதிய மரங்களுக்கு இந்த அளவும் அதிகம்.

வெட்டும் இடம்

ஒரு கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை உற்றுநோக்கினால், கிளையின் அடிப்பகுதி சற்றுப் பருத்துக் காணப்படும். இது கிளைக் கழுத்து எனப்படும். அடிமரத்தின் இழைகளும் கிளையின் இழைகளும் ஒன்றையொன்று தழுவி உருவானது இது. கிளையின் மேற்புறத்துக் கவட்டில் பட்டை மடிந்து எழுந்து ஒரு வரப்பு போலத் தோன்றும். இதைப் பட்டை வரப்பு எனலாம். கிளைக் கழுத்தினுள்ளே அழுகலைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் நிறைந்த காப்பு மண்டலம் உள்ளது. கிளை இயற்கையாகப் பட்டுப்போய் உதிரும்போதும் அழுகல் இம்மண்டலத்தோடு நின்றுவிடுகிறது.

எனவே சரியான வெட்டு, பட்டை வரப்புக்கும் கிளைக் கழுத்துக்கும் சற்று வெளியே அமைய வேண்டும். கழுத்து வெட்டப்படக் கூடாது. கழுத்துக்கு அப்பால் கட்டையும் மிஞ்சக் கூடாது. வெட்டு சரியாக அமைந்தால் அடுத்த ஆண்டுகளில் காயத்தைச் சுற்றிக் காயத்திசு வளையம் போல் முழுவட்டமாக எழும். கழுத்து வெட்டுப்பட்டிருந்தால் வளையம் இரு பக்கங்களில் மட்டும் தடித்து, மேலும் கீழும் திறந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் கவாத்து செய்யப்பட்ட ஒரு மரத்தின் தழும்புகளைப் பார்த்தே வெட்டியவரின் திறனை மதிப்பிடலாம்.

அடிமரத்தோடு ஒட்ட, சுவர் போல் வழவழப்பாக வெட்டுவதே நேர்த்தி என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டின் தே கார் என்பவர் எழுதிய கவாத்து நூல் இம்முறையையும், வெட்டுவாயில் நிலக்கரித் தார் பூசுவதையும் பரிந்துரைத்தது. அந்நூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அமெரிக்காவிலும் பரவியது. ஒட்ட வெட்டினால் காயத்திசு விரைவாகவும் தடிப்பாகவும் வளர்வது உண்மையே. அது நலத்தின் அறிகுறி அன்று, பெரிய காயத்தின் அறிகுறி என்பதைச் சைகோவின் பிளந்த மரங்கள் காட்டின.

பெரிய கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால், பாதி அறுந்த நிலையில் கிளை தன் பளுவால் சாய்ந்து, அடிமரத்தின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். இதைத் தவிர்க்க மூன்று வெட்டு முறை கையாளப்படுகிறது. முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி முதல் இரண்டடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கீழிருந்து மேலாக அறுக்கப்படும். பின் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக அறுத்தால் கிளை உரிக்காமல் விழுந்துவிடும். பளு நீங்கிய கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, கிளைக் கழுத்துக்கு வெளியே மூன்றாம் வெட்டு இடப்படும். இதற்குக் கைரம்பமே ஏற்றது. அரிவாளும் கோடாரியும் விரைவானவை. ஆனால் அவற்றால் வெட்டுவாய் சிதைந்து, இடமும் தவறிவிடுகிறது. தரையில் நின்று துறட்டியால் இழுத்து முறிப்பது கவாத்து ஆகாது.

மொட்டையடித்தல்

மரத்தின் உச்சியையும் பெருங்கிளைகளையும் கிளைப்பிரிவுகளைக் கருதாமல் ஒரே மட்டத்தில் தறித்து, வெறும் கட்டைகளாக விடுவது மொட்டையடித்தல் எனப்படும். உலகெங்கும் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு இது. அமெரிக்க மர மருத்துவத்தின் முன்னோடியான சான் டேவி 1901 இல் வெளியிட்ட 'மர மருத்துவர்' என்னும் நூலிலேயே இதைக் கண்டித்தார். நூறாண்டுக்கு மேலாகியும் வழக்கம் ஒழியவில்லை. மரம் உயரமாக இருப்பதே ஆபத்து என்ற எண்ணமும், ஒருமுறை வெட்டினால் சில ஆண்டுகளுக்குக் கவலை இல்லை என்ற கணக்கும் இதற்குக் காரணங்கள்.

உண்மையில் நிகழ்வது வேறு. இலைகளை இழந்த மரம், பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளை எழுப்பிக் கட்டைகளின் நுனியில் நீர்ப்போத்துகளைக் கொத்துக் கொத்தாக விடுகிறது. அவை மிக வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் பழைய உயரத்தை எட்டிவிடும். இயல்பான கிளை, அடிமரத்தின் உள்ளிருந்தே ஆண்டுக்கு ஆண்டு வளையங்களால் பிணைக்கப்பட்டு வருவது. நீர்ப்போத்தோ மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது. அது பருத்துப் பளுவேறும் அதே காலத்தில் அது ஒட்டியுள்ள கட்டை உள்ளே அழுகி வருகிறது. ஆகவே ஆபத்தைக் குறைக்கச் செய்த வெட்டு, ஐந்தாறு ஆண்டுகளில் முன்னிலும் பெரிய ஆபத்தை உருவாக்குகிறது. மேலும் இதுவரை நிழலில் இருந்த பட்டை திடீரென வெயிலில் காய்ந்து வெடிக்கும். வேர்கள் உணவின்றி மடியும். சில மரங்கள் இதனால் பட்டே போகின்றன.

மொட்டையடித்தலை ஐரோப்பாவின் பழைய தலைத்தறிப்பு முறையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கு மரம் இளமையாக இருக்கும்போதே குறிப்பிட்ட உயரத்தில் தறித்து, பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே முடிச்சுகளிலிருந்து மெல்லிய கிளைகளை மட்டும் வெட்டுவர். விறகுக்கும் தீவனத்துக்குமாக இவ்வாறு பேணப்பட்ட பல நூற்றாண்டு முதிய மரங்களை இங்கிலாந்தின் எப்பிங் காட்டில் காணலாம். முடிச்சு வெட்டப்படாமல் காக்கப்படுவதும், வெட்டுக் காயங்கள் எப்போதும் சிறியனவாக இருப்பதுமே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

கவாத்து வகைகள்

பட்ட, நோயுற்ற, முறிந்த, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை மட்டும் நீக்குவது தூய்மைக் கவாத்து. பெரும்பாலான முதிர்ந்த மரங்களுக்கு இதுவே போதுமானது. மனிதரும் வண்டிகளும் செல்லக் கீழ்க்கிளைகளை நீக்குவது உயர்த்தல். இதை அளவுக்கு மீறிச் செய்தால் மரம் நீண்ட கழியின் நுனியில் கட்டிய துடைப்பம் போலாகிவிடும். மரத்தின் மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது தழையுள்ள முடியாக எஞ்சுவது நல்லது.

முடியினுள் ஒளியும் காற்றும் புகுமாறு சிறு கிளைகளை ஆங்காங்கே நீக்குவது ஐதாக்கல். கையெட்டும் உட்கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனிகளில் மட்டும் தழையை விடுவதே நடைமுறையில் பலர் செய்யும் ஐதாக்கல். சிங்கத்தின் வால் போலத் தோன்றும் இக்கிளைகளில் பளு முழுதும் நுனிக்குச் சென்றுவிடுவதால் அவை காற்றில் எளிதில் முறிகின்றன.

மரத்தின் உயரத்தையோ பரப்பையோ உண்மையிலேயே குறைக்க வேண்டுமானால் குறுக்கல் முறை கையாளப்படும். நீண்ட கிளையை வெறுமையாகத் தறிக்காமல், அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக்கிளை வரை பின்வாங்கி வெட்டுவது இது. அப்பக்கக்கிளையின் பருமன், நீக்கப்படும் பகுதியின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது புதிய நுனியாகப் பொறுப்பேற்று, நீர்ப்போத்துகள் பெருகாமல் தடுக்கும். நன்கு செய்யப்பட்ட குறுக்கலுக்குப் பின் மரம் வெட்டப்பட்டதே தெரியாது. மழைமரம் என்றும் அழைக்கப்படும் தூங்குமூஞ்சி குடை போலவும், நெட்டிலிங்கம் தூண் போலவும், மா கவிழ்த்த கூடை போலவும் வளர்வது அவற்றின் இயல்பு. எல்லாவற்றையும் உருண்டையாக்குவது வேறு கலை, அதற்குரியவை புதர்ச்செடிகள்.

காயத்தின் அளவும் கவனிக்கத்தக்கது. அழுகலை நன்கு அடைக்கும் இனங்களில் 10 செ.மீ., அடைக்கும் திறன் குறைந்த இனங்களில் 5 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட வெட்டுகளைத் தவிர்ப்பது செருமானிய நடைமுறை.

இளமரங்களைப் பயிற்றுதல்

கவாத்தில் மிகுந்த பயன் தருவதும் மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுவே. நட்ட முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு கத்தரியால் முடியும் வேலை, ஐம்பதாம் ஆண்டில் பாரந்தூக்கியைக் கேட்கும்.

இளமரத்தில் முதலில் பார்க்க வேண்டியது இணைத்தண்டு. ஏறத்தாழ ஒரே பருமனுள்ள இரண்டு தண்டுகள் ஒரே கவட்டிலிருந்து நெருங்கி எழும்போது, அவற்றுக்கிடையே பட்டை சிறைப்பட்டு உள்ளே மடிந்துவிடும். பட்டையும் பட்டையும் ஒட்டுவதில்லை. வெளியே உறுதியாகத் தோன்றும் இக்கவடு உள்ளே பிளவாகவே இருக்கும்; பெருமழைக் காற்றில் மரம் இரண்டாகப் பிளப்பது இவ்விடத்தில்தான். இளமையில் ஒரு தண்டைத் தலைமைத் தண்டாகத் தேர்ந்து, மற்றதைக் குறுக்கி அடக்கிவிட்டால் இந்தக் குறை நேராது. பக்கக்கிளையின் பருமன் அது பிறக்கும் இடத்தில் தண்டின் பருமனில் பாதிக்குக் குறைவாக இருப்பது நல்ல பிணைப்பின் அறிகுறி.

கீழ்க்கிளைகளை ஒரே நாளில் வழித்தெடுப்பதும் தவறு. தற்காலிகக் கீழ்க்கிளைகள் தண்டைப் பருக்கச் செய்கின்றன. சில ஆண்டுகளில் படிப்படியாக நீக்கினால் போதும்.

காலம்

பட்ட கிளைகளையும் ஆபத்தான கிளைகளையும் எக்காலத்திலும் நீக்கலாம். பச்சைக் கிளைகளைப் பொறுத்தவரை, புதுத்தளிர் விடும் வேளையே தவிர்க்க வேண்டிய காலம். அப்போது சேமிப்பு குறைந்து பட்டையும் எளிதில் உரியும். குளிர்நாடுகளில் இலையுதிர்ந்த குளிர்காலத்தின் பிற்பகுதி விரும்பப்படுகிறது. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் ஓக் வாடல் நோயைப் பரப்பும் வண்டுகள் புதிய காயங்களை நாடி வருவதால், பிப்ரவரி முதல் சூன் வரை ஓக் மரங்களை வெட்ட வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறது.

தமிழ்நாட்டின் கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், அதற்கு முந்திய வாரங்களில் உள்ளாட்சி அமைப்புகள் சாலையோர மரங்களைக் கவாத்து செய்கின்றன. பாதுகாப்பு நோக்கில் இது ஏற்றதே. ஆயினும் மழை தொடங்கும் முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், கிளை தேர்தல் போய்க் கிளை தறித்தலாக இது முடிவதுண்டு.

காயப்பூச்சு

வெட்டுவாயில் தார், வண்ணப்பூச்சு, சாணம் முதலியவற்றைப் பூசும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சைகோவும் பிறரும் நடத்திய நீண்டகால ஆய்வுகளில், பூச்சுகள் அழுகலைத் தடுப்பதாகத் தெரியவில்லை. பூச்சு வெடித்து ஈரத்தை உள்ளே தேக்கினால் பூஞ்சைக்கு அதுவே வசதியாகிறது. மேற்கூறிய ஓக் வாடல் நோய்ப் பகுதிகளில் வண்டுகளை அண்டவிடாமல் உடனே பூசுவது ஒரு விதிவிலக்கு. இந்தியப் பழத்தோட்டங்களில் வெட்டுவாயில் போர்டோ பசை பூசுவது இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. அது பூஞ்சைக்கொல்லி என்ற அளவில் கொள்ளத்தக்கது. தவறான இடத்தில் வெட்டிய பிழையை எந்தப் பசையும் மாற்றுவதில்லை.

புயலும் கவாத்தும்

2016 திசம்பர் 12 ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி முதலிய வெளிநாட்டு இனங்கள் மிகுதியாக விழுந்ததாக அப்போது பேசப்பட்டது. இனம் ஒரு காரணமே. நடைபாதைக் கற்களும் சிமெந்தும் அடிமரம் வரை மூடியதால் வேர் பரவ இடமின்மை, குழாய்களுக்கும் கம்பி வடங்களுக்கும் பள்ளம் தோண்டுகையில் ஒரு பக்க வேர்கள் வெட்டப்படுதல், சாலைப் பக்கக் கிளைகள் மட்டும் நீக்கப்பட்டு மரம் ஒரு பக்கம் சாய்தல் ஆகியனவும் காரணங்கள். வேர் இல்லாத மரத்தை எவ்வளவு நன்றாகக் கவாத்து செய்தாலும் நிலைநிறுத்த முடியாது.

ஆனால் முறிதல் வேறு, வேரோடு சாய்தல் வேறு. கிளைகளும் தண்டும் முறிவதைக் கவாத்து பெருமளவு குறைக்கக்கூடியது. புளோரிடாவில் சூறாவளிக்குப் பின் நடத்தப்பட்ட ஆய்வில், முறையாகக் கவாத்து செய்யப்பட்ட மரங்கள் செய்யப்படாதவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்திருந்தன.

காற்றே இல்லாத வெப்பமான பிற்பகலில், குறையொன்றும் வெளித்தெரியாத பெருங்கிளை திடீரென முறிந்து விழுவதும் உண்டு. இதன் காரணம் இன்னும் முழுமையாக விளங்கவில்லை. நீண்டு கிடைமட்டமாகப் படர்ந்த கிளைகளில் இது மிகுதி என்பதால், நுனிப் பளுவைக் குறுக்கல் முறையால் குறைப்பது வழக்கம்.

பரிசோதனையின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். சிங்கப்பூர் சாலையோர மரங்களைக் காலமுறைப்படி சோதித்துக் கவாத்து செய்வதில் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள தாவரவியற் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக மதிப்பிடப்பட்ட, 40 மீட்டர் உயரமான தெம்புசு மரம் ஒன்று 2017 பிப்ரவரி 11 அன்று வேரோடு விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். அம்மரமும் ஒழுங்காகக் கவனிக்கப்பட்டு வந்ததே. அடிமரத்தில் தோன்றும் காளான், வேர்ப்பகுதியில் மண் வெடிப்பு, அண்மையில் ஏற்பட்ட சாய்வு, கவட்டில் பிளவு ஆகியவை தென்பட்டால் அது கவாத்துக்காரரின் வேலையைக் கடந்த நிலை. மரத்தை நீக்குவதா என்ற கேள்வி எழும்.

பனைகளும் ஆலும்

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. பனை, தென்னை, கமுகு ஆகியவை முதல் வகையின. கவாத்தைப் பொறுத்தவரை இப்பாகுபாடு மிகப் பொருத்தமானது. இவற்றின் தண்டில் வளர்படை இல்லை. ஆண்டு வளையங்களும் இல்லை. எனவே தண்டில் ஏற்படும் காயம் எக்காலத்திலும் மூடுவதில்லை. நுனிக்குருத்து ஒன்றே உயிர்நிலை என்பதால் அதை வெட்டினால் மரம் முடிந்தது.

தென்னையிலும் அழகுக்காக நடப்படும் பிற பனையினங்களிலும் காய்ந்த மட்டைகளை மட்டும் நீக்குவதே போதும். பச்சை மட்டைகளை வழித்துவிட்டு நுனியில் நாலைந்து குருத்தோலைகளை மட்டும் விட்டால் மரம் புயலைத் தாங்கும் என்ற கருத்து தவறானது. அது உணவு தயாரிக்கும் பரப்பைக் குறைத்துக் கழுத்துப் பகுதியை மெலியச் செய்கிறது.

ஆலமரம் மறுமுனை. அதன் விழுதுகள் தரையை அடைந்ததும் தண்டுகளாகிக் கிளைகளைத் தாங்குகின்றன. கொல்கத்தாவை அடுத்த அவுராத் தாவரவியற் பூங்காவின் பேராலமரம் 1864, 1867 ஆம் ஆண்டுகளின் புயல்களில் சேதமடைந்து பூஞ்சைக்கு ஆளானது. 1925 இல் அதன் அடிமரமே வெட்டி நீக்கப்பட்டது. விழுதுகளின் துணையால் அம்மரம் இன்றும் வாழ்கிறது. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் நடுத்தண்டு 1989 புயலில் சாய்ந்த பின்னும் மற்றப் பகுதிகள் தழைத்தன. சாலையோர ஆல்களில் தொங்கும் விழுதுகளை இடைஞ்சல் எனக் கருதித் தொடர்ந்து நறுக்குவதால், அவற்றின் நீண்ட கிளைகள் தாங்கலின்றி நிற்கின்றன. இரண்டு மூன்று விழுதுகளையாவது குழாயினுள் செலுத்தித் தரைசேர விடுவது எளிய மாற்று.

பறவைகளும் சட்டமும்

இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன்படி பட்டியலிடப்பட்ட பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் சேதப்படுத்துவது வேட்டையாடுதல் என்பதன் வரையறையில் அடங்கும். 2022 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காகப் புளியமரம் ஒன்று வீழ்த்தப்பட்டபோது, அதில் கூடு கட்டியிருந்த நீர்ப்பறவைகளும் குஞ்சுகளும் பெருமளவில் இறந்தன. இதற்காக வழக்கும் பதியப்பட்டது. வெட்டும் முன் மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கவாத்துக்கும் அனுமதி வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். தில்லியில் 15.7 செ.மீ. வரை சுற்றளவுள்ள, அதாவது சுமார் 5 செ.மீ. விட்டமுள்ள கிளைகளை முன் அனுமதியின்றி வெட்ட இடமளித்த வழிகாட்டுதலை 2023 இல் தில்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. கவாத்து என்ற பெயரில் மரங்கள் முடமாக்கப்படுவது அவ்வழக்கில் முன்வைக்கப்பட்ட முறையீடு ஆகும்.

பணியாளர் பாதுகாப்பு

மரமேறிக் கிளை வெட்டுவது உலகின் ஆபத்தான தொழில்களுள் ஒன்று. விழுதல், கிளை மேலே விழுதல், மின்சாரம் தாக்குதல் ஆகிய மூன்றுமே முதன்மையான காரணங்கள். ஈரக்கிளை மின்சாரத்தைக் கடத்தும். கம்பியைத் தொடாமல் அருகில் சென்றாலும் உயர் அழுத்த மின்சாரம் பாயக்கூடும். தனிப்பயிற்சி இல்லாதோர் மின்கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. மின் அழுத்தம் கூடினால் இத்தொலைவும் கூடும். கம்பிக்குக் கீழுள்ள மரங்களின் உச்சியைத் தட்டையாக வெட்டாமல், கம்பியை நோக்கி வளரும் கிளைகளைப் பிரிவு வரை நீக்கி, விலகி வளரும் கிளைகளை விடுவது திசைக் கவாத்து எனப்படும். மரத்தின் நடுவே இடைவெளி தோன்றுவதால் பார்ப்பதற்கு விந்தையாக இருந்தாலும், ஆண்டுதோறும் மொட்டையடிக்கும் தேவை இதனால் குறைகிறது. கம்பிக்குக் கீழே உயரம் குறைந்த மரங்களை நட்டால் இந்த வேலையே இல்லை.

ஏணியில் நின்றுகொண்டு இயந்திர ரம்பத்தை இயக்குவது கூடாது. தலைக்கவசம், கண்ணாடி, இடுப்புப் பட்டையுடன் கூடிய கயிறு ஆகியவை மேலே ஏறுபவருக்கு மட்டுமல்ல. தலைக்கவசம் கீழே நின்று கயிறு பிடிப்பவருக்கும் வேண்டும், ஏனெனில் கிளை விழுவது அவர் நிற்கும் பக்கம். பெருங்கிளைகளைக் கயிற்றில் கட்டித் துண்டு துண்டாக இறக்குவதும், விழும் பரப்பைக் கயிறு கட்டி அடைத்து வழிப்போக்கரைத் தடுப்பதும் இப்பணியின் பகுதிகளே.